முகமூடிக்குள் யார்?

நம்மிடம் அடிக்கடி வந்து வாதாடும் வாலிபத் தோழர் ஒருவர் சென்ற வாரம் சற்றுக் கோபத்துடனேயே வந்து சேர்ந்தார். அவர் கடவுளை ஒப்பாதவர், ஜாதியை ஒப்பாதவர், எந்தச் சாமியார் பின்னாலும் போகாதவர். ஆனால் கிராபிக் நாவல் என்று வழங்கப்படும் ஆங்கிலச் சித்திரக் கதைப் புத்தகங்களில் மாத்திரம் அளவு கடந்த பிரியமுள்ளவர். ‘வாட்ச்மென்’ என்னும் சித்திரக் கதையின் பேரால் அமெரிக்காவில் 2019இல் எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடரை அவர் இப்போதுதான் பார்த்தாராம். பார்த்த இடத்தில், புத்தகத்தில் இல்லாத ஊரும், இல்லாத பேர்வழிகளும், இல்லாத சம்பவங்களும் இருந்தனவாம். “மூலத்தில் உள்ளதை மாற்ற இவர்களுக்கு என்ன அதிகாரம்?” என்று நம்மைக் கேட்டார்.

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால், இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், நம்மைப் பார்த்துக் கேட்டுப் பழகியவர்கள் வேறு வகையார். “வால்மீகி எழுதியதை மாற்ற நீ யார்? கம்பன் பாடியதைக் குறை கூற நீ யார்?” என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன நம்மிடம், நம் சொந்தத் தோழரே அதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தால் சிரிக்காமல் என்ன செய்வது? கோவிலுக்குப் போகாதவர்தான், ஆனால் சித்திரக் கதை விஷயத்தில் அசல் சனாதனி.

நிற்க. இது சிரித்துவிட்டு விட்டுவிடக்கூடிய சங்கதியல்ல. இன்றைய தினம் பெரும்பாலான மக்கள் கதை கேட்பதெல்லாம் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும்தான். புத்தகம் படிப்பவர்கள் சிலரென்றால் படம் பார்ப்பவர்கள் பலர். ஆகையால் ஒரு புத்தகம் படமாகின்றபோது அதில் எது நிற்கின்றது, எது போகின்றது, எது புதிதாய் நுழைகின்றது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று பார்க்க வேண்டியது பகுத்தறிவுக்காரர்களின் வேலையேயாகும். ஆதலால் தோழருக்குச் சொன்ன பதிலை வாசகர்களுக்கும் சொல்லிவிட விரும்புகின்றோம்.

முதலில் புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ‘வாட்ச்மென்’ 1986-87ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்தது. எழுதியவர் ஆலன் மூர். சித்திரம் தீட்டியவர் டேவ் கிப்பன்ஸ். வர்ணம் கொடுத்தவர் ஜான் ஹிக்கின்ஸ். மூவரும் இங்கிலாந்துக்காரர்கள். வெளியிட்டது டி.சி. காமிக்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி. 1923 முதல் வெளிவந்த நூறு சிறந்த ஆங்கில நாவல்கள் என்று ‘டைம்’ பத்திரிகை 2005இல் ஒரு ஜாபிதா போட்டபோது, இந்தச் சித்திரப் புத்தகத்தையும் அதில் சேர்த்தது.

கதை என்னவென்றால், நம் நாட்டுக்கு அவதார புருஷர்கள் எப்படியோ, அப்படி அமெரிக்காவுக்கு முகமூடி வீரர்கள். 1938இல் சூப்பர்மேன் தோன்றிய நாள் முதல் இவர்கள் அந்நாட்டுச் சித்திரக் கதைகளில் கொடிகட்டிப் பறக்கின்றார்கள். அக்கிரமக்காரரை அழிக்கவும், அப்பாவிகளைக் காக்கவும், சட்டமும் போலீசும் செய்ய முடியாததைத் தாங்கள் செய்து முடிக்கவும் வந்தவர்களாம். மூர் செய்த காரியம், அந்த அவதாரங்களின் வேஷத்தைக் கலைத்துக் காட்டியதேயாகும். அவர் கதையில் ஒரு வீரன் மனம் கோணியவன். ஒருவன் கூலிக்குக் கொலை செய்பவன். டாக்டர் மன்ஹாட்டன் என்பவன் ஒரு விபத்தினால் கடவுளுக்குச் சொல்லப்படும் சக்திகள் அத்தனையும் பெற்றுவிடுகின்றான். உடம்பும் கிருஷ்ணனைப் போல் நீலமாகிவிடுகின்றது. பெற்ற பிறகோ மனிதர் சாவதும் பிழைப்பதும் அவனுக்கு ஒன்றாகவே போய்விடுகின்றது. இன்னொருவன் மகா புத்திசாலி. உலகத்தை யுத்தத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி நியூயார்க் நகரத்தில் லட்சக்கணக்கான ஜனங்களைத் தானே கொன்று, பழியை வேற்றுலகத்துப் பூதத்தின் மேல் போடுகின்றான். காவல்காரர்கள் என்று பொருள்படும் பேரை வைத்துக்கொண்டு, அந்தக் காவல்காரர்களைக் காவல் காப்பது யார் என்று அப்புத்தகம் கேட்கின்றது. “உன்னைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும் அவனைச் சந்தேகி என்பதுதான் அதன் சாரம். இது நமக்குப் புதிய பாடமல்ல. ஆனாலும் வேண்டிய பாடம்.

இந்தப் புத்தகத்தை 2009இல் ஜாக் ஸ்னைடர் என்பவர் சினிமாவாக எடுத்தார். தோழர் விரும்புகின்ற மாதிரியே எடுத்தார். முடிவில் ஒரு மாறுதலைச் செய்தாரேயன்றி, மற்றபடி புத்தகத்தில் உள்ள சித்திரங்களை அப்படி அப்படியே திரையில் நிறுத்தினார். விளைவு என்ன? எந்த அடிதடியைப் பார்த்து வாசகன் அருவருக்க வேண்டும் என்று புத்தகம் எண்ணியதோ, அந்த அடிதடியைப் பார்த்து ஜனங்கள் கைதட்டும்படியாக அழகு செய்து காட்டிவிட்டார். எழுத்து பிழைத்தது, கருத்து செத்தது. சுலோகத்தை ஓர் அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு அதன் அர்த்தம் தெரியாமல் விழிக்கின்ற புரோகிதருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அன்றியும், “உள்ளது உள்ளபடி” எடுப்பது என்பது நடக்கக்கூடிய காரியமுமல்ல. சித்திரக் கதையில் நேரம் படிப்பவன் கையில் இருக்கின்றது. ஒரு பக்கத்தில் ஒன்பது கட்டங்கள் இருந்தால் ஒன்பதும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியும். வேண்டுமானால் நின்று பார்க்கலாம். பத்துப் பக்கம் பின்னால் போய் ஒத்துப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ‘வாட்ச்மென்’ புத்தகத்தின் ஐந்தாவது இதழில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் என்று கண்ணாடியில் பார்த்தாற்போல ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கட்டங்களை அமைத்திருக்கின்றார்கள். ஓடுகின்ற படத்தில் இதை எப்படிக் காட்டுவது? அதுபோலவே, கோட்டுச் சித்திரத்தில் ஒரு முக்காட்டைப் போட்டு மூடிவிட்டால், உள்ளே இருப்பவன் யார் என்று சொல்லாமலே கதையை முடித்துவிடலாம். ஆனால் தொலைக்காட்சிக்கு உயிருள்ள நடிகர் வேண்டும். அவருக்கு முகம் உண்டு, தோல் உண்டு, தோலுக்கு நிறம் உண்டு. ஆகவே எடுக்கின்றவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எதையாவது தீர்மானித்தே தீரவேண்டும். தீர்மானிப்பது என்றாலே மாற்றுவதுதான். எனவே மாற்றலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எதற்காக மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி.

இனி அந்தத் தொடரைப் பார்ப்போம். டேமன் லிண்டலாஃப் என்பவர் முன்னின்று செய்தது, எச்.பி.ஓ. கம்பெனி 2019 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒன்பது பாகங்களாக ஒளிபரப்பியது. முகமூடிக்காரர்கள் நியூயார்க்கில் சண்டையிடும் காட்சியோடு அது தொடங்கவில்லை. ஓக்லஹோமா மாகாணத்து டல்சா என்னும் ஊரில், 1921ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. ஒரு கறுப்புச் சிறுவன் கொட்டகையில் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அவன் தாய் அழுதுகொண்டே பியானோ வாசிக்கின்றாள். வெளியே ஊர் எரிகின்றது.

இது கற்பனை என்று நினைத்துத்தான் அந்நாட்டிலேயே பலர் பார்த்தார்கள். பிறகு தேடிப் பார்த்து, நடந்த சங்கதி என்று தெரிந்து திகைத்துப் போனார்கள். டல்சாவில் கிரீன்வுட் என்பது கறுப்பு மக்கள் தாங்களே உழைத்துத் தாங்களே உண்டாக்கிய பேட்டை. கடை, ஓட்டல், கொட்டகை, பத்திரிகை, வைத்தியர், வக்கீல் என்று எல்லாம் அவர்களுடையதாகவே இருந்தது. கறுப்பர்களின் வால்ஸ்ட்ரீட் என்றே அதற்குப் பேர். 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில் வெள்ளையர் கூட்டம் அதைச் சூழ்ந்துகொண்டு கொன்றது, கொள்ளையிட்டது, கொளுத்தியது. முகாந்திரம், ஒரு கறுப்பு வாலிபன் மின்தூக்கியில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் முறை தவறி நடந்தான் என்று கிளப்பிய பேச்சு. அந்த வழக்கு பிற்பாடு கைவிடப்பட்டது. அதற்குள் முப்பத்தைந்து தெருக்கட்டுகள் சாம்பலாகிவிட்டன. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. பதினாயிரம் பேர் அளவில் வீடற்றவர்களானார்கள். செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றார்கள். கும்பலில் இருந்த பலருக்கு நகர அதிகாரிகளே போலீஸ் அதிகாரமும் ஆயுதமும் கொடுத்திருந்தார்கள். எரிந்த சொத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்க மறுத்தன. கொன்றதற்கோ கொளுத்தியதற்கோ ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிட மோசம். ஊரே வாயை மூடிக்கொண்டது. பல பத்தாண்டுகள் பள்ளிப் புத்தகங்களில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1997இல்தான் மாகாண சர்க்கார் ஒரு கமிஷனை வைத்தது. 2001இல்தான் அதன் அறிக்கை வெளிவந்தது. தொடரை எடுத்த லிண்டலாஃப் என்பவரே, டா-நெஹிசி கோட்ஸ் என்னும் கறுப்பு எழுத்தாளர் 2014இல் நஷ்டஈடு வேண்டுமென்று வாதாடி எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் இச்சங்கதியைத் தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருக்கின்றார். அதாவது, படித்துப் பட்டம் பெற்று, கதை எழுதிப் பேரும் சம்பாதித்த ஒருவருக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு தெரியவந்திருக்கின்றது. இது அவருடைய குற்றமா? பள்ளிக்கூடத்தை யார் நடத்துகின்றார்களோ, புத்தகத்தை யார் எழுதுகின்றார்களோ, அவர்களுடைய குற்றமல்லவா? ஒரு தேசத்தின் பள்ளிக்கூடங்கள் சொல்ல மறுத்ததை, ஒரு முகமூடிக் கதை வந்து சொல்ல வேண்டியதாயிற்று. இதில் அந்தக் கதைக்குப் பெருமை கொஞ்சம். அந்தப் பள்ளிக்கூடங்களுக்குச் சிறுமை மிகவும் அதிகம்.

இனி தோழருக்கு அதிகக் கோபத்தை உண்டாக்கிய மாறுதலுக்கு வருவோம். புத்தகத்தில் ‘ஹூடட் ஜஸ்டிஸ்’ என்று ஒரு பாத்திரம் உண்டு. முகமூடி வீரர்களில் அவனே முதல்வன். தலையில் முக்காடு, கழுத்தில் தூக்குக் கயிறு. அவன் யார் என்பதைப் புத்தகம் நிச்சயமாகச் சொல்லவில்லை. ஜெர்மானிய வழிவந்த ஒரு சர்க்கஸ் பயில்வானாக இருக்கலாம் என்று கோடிகாட்டி விட்டுவிடுகின்றது. வாசகர்கள் அவனை வெள்ளையன் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஏன் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவுமில்லை.

தொடரின் ஆறாவது பாகம் இந்த இடத்தில் ஒரு கேள்வியைப் போடுகின்றது. அமெரிக்காவில் கழுத்தில் தூக்குக் கயிறு விழுந்தது யாருக்கு? முக்காடு போட்டுக்கொண்டு அலைந்தது யார்? இந்த இரண்டையும் ஒரே மனிதன் ஏன் அணிந்திருக்கின்றான்? அதற்குத் தொடர் சொல்லும் விடை இதுதான்: டல்சாவில் தப்பிய அந்தச் சிறுவன் வளர்ந்து, வில் ரீவ்ஸ் என்னும் பேரில் 1938இல் நியூயார்க் போலீசில் சேருகின்றான். வெள்ளைப் போலீஸ்காரர்கள் அவன் தலையில் முக்காட்டைப் போட்டு மரத்தில் தூக்கிலிட்டு, உயிர் போகுமுன் கயிற்றை அறுத்துவிட்டு, இனிமேல் வாயைத் திறக்காதே என்று எச்சரித்துப் போகின்றார்கள். அந்தக் கயிற்றோடும் முக்காட்டோடும் வீடு திரும்பும் வழியில், அடிபடுகின்ற ஒரு தம்பதியைக் கண்டு காப்பாற்றுகின்றான். முதல் முகமூடி வீரன் பிறக்கின்றான். ஆனால் முக்காட்டின் கண் துவாரத்தில் கறுப்புத் தோல் தெரிந்துவிடக் கூடாதென்று, கண்ணைச் சுற்றி வெள்ளைச் சாயம் பூசிக்கொள்கின்றான். நியாயம் செய்வதற்குக்கூடத் தன் நிறத்தை மறைத்தாக வேண்டும்! ஜாதிப் பேரை மறைத்தால்தான் வீடு வாடகைக்குக் கிடைக்கும் என்றிருக்கின்ற நாட்டில் வாழும் நமக்கு, இந்த இடத்தில் யாரும் வியாக்கியானம் சொல்ல வேண்டியதில்லை.

இது மூலத்தைக் கெடுத்ததா? மூலத்தில் எழுதியிருந்த கயிறும் முக்காடும் அப்படியே இருக்கின்றன. அவற்றின் அர்த்தத்தை முதன்முதலாகக் கேட்டவர்கள் இவர்கள். முப்பது வருஷகாலம் பக்தியோடு படித்தவர்கள் கண்ணில் படாதது, சந்தேகத்தோடு படித்தவர்கள் கண்ணில் பட்டது. அந்தப் பாகத்தை லிண்டலாஃபுடன் சேர்ந்து எழுதியவர் கார்ட் ஜெபர்சன் என்னும் கறுப்பு எழுத்தாளர். 2020இல் அதற்காக இருவருக்கும் எம்மி பரிசு கிடைத்தது. தொடருக்கு மொத்தம் பதினொன்று கிடைத்தன. பரிசு பெரிதல்ல. எழுதுகின்ற அறையில் யார் உட்கார்ந்திருக்கின்றார்கள் என்பதுதான் பெரிது. அடிபட்டவன் அந்த அறையில் உட்கார்ந்தால் கதை மாறும். வகுப்புவாரி உரிமை வேண்டுமென்று நாம் உத்தியோகத்திற்கு மாத்திரம் கேட்கவில்லை. அறிவுக்கும் கதைக்கும் சேர்த்தே கேட்டோம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி என்ன வேண்டும்?

நம் நாட்டிலும் இது நடந்ததுதான். ராமாயணத்தைத் தலைகீழாக நின்று பார்த்துப் புலவர் குழந்தை ‘இராவண காவியம்’ எழுதி 1946இல் வெளியிட்டார். 1948இல் சர்க்கார் அதைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது. அமெரிக்காவில் கதையைத் திருப்பியவர்களுக்குப் பரிசு. இங்கே திருப்பியவருக்குத் தடை. ஆனால் இரண்டு இடத்திலும் எழுந்த கூச்சல் ஒன்றுதான்: “மூலத்தில் இல்லையே!”

ஆனால் மாற்றுவதெல்லாம் நல்லது என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். 1905இல் தாமஸ் டிக்சன் என்பவர் வெள்ளை முக்காட்டுக் கூட்டமாகிய கு-கிளக்ஸ்-கிளானைப் புகழ்ந்து ஒரு நாவல் எழுதினார். அது நாடகமாயிற்று. 1915இல் கிரிபித் என்பவர் அதை ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் பேரில் சினிமாவாக எடுத்தார். செத்துக் கிடந்த அந்தக் கூட்டம் அதே வருஷத்தில் ஜார்ஜியாவில் மறுபடியும் உயிர் பெற்று எழுந்தது. ஆறு வருஷத்தில் டல்சா எரிந்தது. படம்தான் டல்சாவை எரித்தது என்று நாம் சொல்லவில்லை. எரிக்கின்றவனை வீரனாகக் காட்டுகின்ற வேலையைப் படம் செய்தது என்கின்றோம். புத்தகத்தைப் படமாக்குவது ஒரு கத்தி. வைத்தியன் கையிலும் இருக்கலாம், கொலைகாரன் கையிலும் இருக்கலாம். அமெரிக்காவின் முதல் முகமூடி வீரர் படம் இந்தக் கிளான் படம்தான் என்று வாதாட இடமுண்டு என்று ஆலன் மூரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கின்றார். தொடர்க்காரர்கள் முக்காட்டுக்குள் தேடிக் கண்டதும், மூர் தன் வழியில் கண்டதும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் என்பதைத் தோழர் கவனிக்க வேண்டும்.

பக்தர்களுக்கு இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். புத்தகத்தில் ரோர்ஷாக் என்னும் முகமூடிக்காரன், உலகமே அழுகிவிட்டது, தான் ஒருவனே யோக்கியன் என்று எண்ணுகின்ற பித்தன். எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று மூர் எழுதிய அந்தப் பாத்திரத்தை, வாசகர்களில் பலர் மகா வீரன் என்று கொண்டாடினார்கள். தொடரில் வெள்ளை வெறியர் கூட்டம் ஒன்று அவன் முகமூடியையே மாட்டிக்கொண்டு, அவன் நாட்குறிப்பை வேத வாக்காக ஓதுகின்றது. மூலத்தை மூளையில்லாமல் கும்பிட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தொடரே காட்டிவிட்டது.

இவ்வளவும் சொல்லிவிட்டு அத்தொடரில் நாம் கண்ட குற்றத்தைச் சொல்லாமல் விட்டால், நாமும் ஒரு பஜனைக் கூட்டமாகிவிடுவோம். குற்றம் இரண்டு.

முதலாவது, கறுப்பு மக்களின் துயரத்தை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண், வியட்நாம் மக்களின் துயரத்தை அப்படிக் காணவில்லை. கதையில் டாக்டர் மன்ஹாட்டனின் சக்தியால் அமெரிக்கா வியட்நாமை ஜெயித்து, அதைத் தன் 51ஆவது மாகாணமாக்கிக் கொள்கின்றது. அடிமைப்பட்ட அந்த ஜனங்கள் தொடரில் என்னவாக வருகின்றார்கள்? ஒருவன் குண்டு வைக்கின்றான். இன்னொருத்தி உலகத்தையே ஆள ஆசைப்படும் கோடீசுவரி. அவளுக்கு வைத்திருக்கும் பேர் லேடி ட்ரியூ என்பது. அது மூன்றாம் நூற்றாண்டில் சீனத்து ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடிய வியட்நாமிய வீராங்கனையின் பேர். விடுதலைக்குப் போராடியவள் பேரை ஆதிக்க வெறிக்காரிக்குச் சூட்டுவது நியாயமா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை போலும். ஒருவன் அடிமைத்தனத்தைக் கண்டவன், பக்கத்துப் பாயில் கிடப்பவன் அடிமைத்தனத்தையும் காண வேண்டாமா?

இரண்டாவது, அந்த முடிவு. தொடரில் நீல நிறக் கடவுளாகிய மன்ஹாட்டன் ஒரு கறுப்பு மனிதனின் உருவத்தில் வந்து, கதாநாயகி ஆஞ்சலாவின் கணவனாக வாழுகின்றான். அவள் கறுப்புப் போலீஸ்காரி. வில் ரீவ்ஸின் பேத்தி. ரெஜினா கிங் என்பவர் அந்த வேஷத்தை வெகு நன்றாக நடித்திருக்கின்றார். முடிவில் கடவுள் செத்துப் போகின்றான். அவன் சக்தி ஒரு முட்டைக்குள் இருக்கலாம் என்று எண்ணி, அவள் அதைக் குடித்துவிட்டுத் தண்ணீரின் மேல் காலை வைக்கின்றாள். அதோடு தொடர் முடிகின்றது. பார்ப்பவர்கள் மெய்சிலிர்க்க வேண்டுமாம்!

நமக்குச் சிலிர்க்கவில்லை. கடவுள் வெள்ளையாக இருந்தால் அக்கிரமம், கறுப்பாக இருந்தால் நியாயம், நல்லவள் ஒருத்தி கையில் சர்வ சக்தியும் வந்துவிட்டால் உலகம் உருப்பட்டுவிடும் என்றால், இதுவும் அவதாரக் கதைதானே? கடவுளின் நிறத்தை மாற்றியது போதுமா? கடவுள் எதற்கு என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? எவன் கையிலும் அப்படிப்பட்ட சக்தி இருக்கக் கூடாது என்பதுதான் மூலப் புத்தகத்தின் உயிர். கயிற்றையும் முக்காட்டையும் பற்றிப் புத்தகத்தைவிட ஒரு படி முன்னே போனவர்கள், கடவுள் விஷயத்தில் ஒரு படி பின்னே வந்துவிட்டார்கள். தோழர் மூலத்தை மாற்றினார்கள் என்று கோபித்துக்கொள்ள வேண்டுமானால், இந்த இடத்தில் கோபித்துக்கொள்ளட்டும். நாமும் சேர்ந்துகொள்ளுகின்றோம். ஆனால் மூலம் புனிதமானது என்பதற்காக அல்ல. இந்த விஷயத்தில் மூலம் சரியானது என்பதற்காக.

கடைசியாக, எழுதியவன் சங்கதி. கதையை மாற்ற உரிமை உண்டு என்று நாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, முதலாளிகள் தங்கள் பையை நிரப்பிக்கொள்ள இடம் கொடுக்க முடியாது. மூரும் கிப்பன்ஸும் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி, புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எழுதினவர்களுக்கே திரும்ப வேண்டியது. கம்பெனி என்ன செய்தது? அச்சில் இல்லாமல் போகவே விடவில்லை. புத்தகம் நன்றாக விற்க விற்க, உழைத்தவனுக்கு அது எட்டாமல் போயிற்று. நன்றாக விளைகின்ற வரையில் நிலம் குத்தகைக்காரனுக்கு, தரிசானால்தான் உனக்கு என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டது போலல்லவா இருக்கின்றது? மூர் தன் பேரைப் போடக் கூடாதென்று சொல்லிவிட்டார். தொடரில் கிப்பன்ஸ் சேர்ந்து படைத்த பாத்திரங்களைக் கொண்டது என்று மாத்திரமே போட்டிருக்கின்றார்கள். படங்களிலிருந்து தனக்கு வரவேண்டிய பணத்தையும் அவர் தொடவில்லை. இனிமேல் வருவதைக் கறுப்பு மக்களின் உயிருக்கு மதிப்புக் கேட்கும் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கத்திற்குக் கொடுத்துவிடும்படி கம்பெனிக்குச் சொல்லியிருப்பதாக 2023இல் தெரிவித்தார். தொடரை அவர் ஒப்பவில்லை. ஆனால் தொடர் யாருக்காகப் பேசியதோ அவர்களுக்கே பணத்தைக் கொடுக்கச் சொன்னார். இதுதான் சுயமரியாதை.

ஆகவே கருத்து வேறு, கூலி வேறு என்பதே நமது அபிப்பிராயம். ஒருவன் சொன்ன கருத்தை இன்னொருவன் எடுத்து ஆராயலாம், திருப்பலாம், மறுக்கலாம். எழுத்துக்கு யாரும் பூணூல் போட்டுவைக்க முடியாது. ஆனால் அவன் உழைப்பின் கூலியைப் பறிக்க எவனுக்கும் உரிமை கிடையாது.

அது போலவே, படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டதோடு நியாயம் கிடைத்துவிட்டதாக எண்ணுவதும் மூடநம்பிக்கையே. டல்சாவில் தப்பிப் பிழைத்து நூறு வயதைத் தாண்டிய கிழவிகள் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கை ஓக்லஹோமா சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூன் மாதத்தில் தள்ளிவிட்டது. 2025 ஜனவரியில் மத்திய சர்க்காரின் நீதி இலாகா, அது திட்டமிட்டு நடத்திய தாக்குதல்தான் என்று அறிக்கை வெளியிட்டது. ஆனால் தண்டிக்க இனி ஆளில்லை என்றது. தொடருக்குப் பரிசு பதினொன்று; எரிந்த வீட்டுக்கு ஈடு ஒன்றுமில்லை.

தோழர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, இன்னொரு முறை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கட்டும். வாசகர்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். ஒரு புத்தகம் படமாகி உங்கள் வீட்டுக்குள் வரும்போது, இது மூலத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். உண்மையில் உண்டா என்று கேளுங்கள். இந்த மாறுதலால் மறைந்திருந்த மனிதன் வெளியே வந்தானா, அல்லது வெளியே இருந்தவன் மறைக்கப்பட்டானா என்று பாருங்கள். உழைத்தவனுக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்றும் விசாரியுங்கள். மூலத்தைக் கும்பிடுவதற்கு அறிவு வேண்டியதில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத்தான் அறிவு வேண்டும்.